மூன்று அட்டைகளில் ஒரு வீட்டுச் சாப்பாடு

தமிழ்நாட்டிலிருந்து புதிதாகக் குடிவந்து, பிள்ளையை இங்கே தொடக்கப்பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் பலர் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, "பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுவார்களா?" என்பதுதான். போடமாட்டார்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான மதிய உணவு என்று ஒன்று கிடையாது. கேண்டீன் இருக்கிறது, அதில் சில கடைகள் இருக்கின்றன. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளை வரிசையில் நின்று, காசு கொடுத்தோ அட்டையைத் தட்டியோ தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை சூடான மீ சூப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேசை தேடி நடப்பதை முதன்முதலாகப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் மனசு கலங்கத்தான் செய்யும்.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம் இருக்கிறது. அதில் ஒரு பகுதிதான் பள்ளி உணவுத் திட்டம். 2020இல் குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 2,750 வெள்ளிக்குள் இருக்க வேண்டும், அல்லது வீட்டில் ஆளுக்கு 690 வெள்ளிக்குள் வர வேண்டும். தகுதி பெற்ற தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வாரத்துக்கு 7 வேளை, உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைக்கு 10 வேளை. முன்பெல்லாம் இதற்குக் கூப்பன் கொடுத்த பள்ளிகள் உண்டு. கூப்பனை நீட்டினால் பின்னால் நிற்கிற பிள்ளைக்குத் தெரிந்துவிடும். கூச்சப்பட்டுச் சாப்பிடாமலே வகுப்புக்குப் போன பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிற்பாடு இந்தப் பணம் மாணவர் அட்டைக்குள் போனது. பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் தட்டும் அதே ஈஸி-லிங்க் அட்டை. ஒரு பிள்ளையின் அட்டையில் அப்பா போட்ட பணம் இருக்கும், இன்னொரு பிள்ளையின் அட்டையில் அமைச்சு போட்ட பணம் இருக்கும். வரிசையில் நிற்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இந்த ஒரு மாற்றம் எவ்வளவு பெரியது என்று எனக்கு 2020இல்தான் முழுதாகப் புரிந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை. கோவிட் தொற்று பரவிக்கொண்டிருந்த நேரம். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தொலைக்காட்சியில் பேசினார். 7ஆம் தேதி முதல் பெரும்பாலான வேலையிடங்கள் மூடப்படும், 8ஆம் தேதி முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டிலிருந்து கற்றல். முதலில் மே 4 வரை என்றார்கள். அப்புறம் ஜூன் 1 வரை நீட்டித்தார்கள். ஜூன் விடுமுறையை மே 5க்கு முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். மடிக்கணினி இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற பேச்சு உடனே எழுந்தது. பள்ளிகள் ஆயிரக்கணக்கில் கணினிகளை இரவல் கொடுத்தன. நல்ல காரியம், அதற்கு நிறைய வெளிச்சமும் கிடைத்தது. சாப்பாட்டைப் பற்றிய பேச்சு அதைவிடத் தாழ்ந்த குரலில்தான் நடந்தது. கணினி இல்லை என்பதை ஒரு தாய் ஆசிரியரிடம் சொல்லிவிடுவார். அரிசி இல்லை என்பதைச் சொல்ல வாய் வராது.

எனக்கு இந்த விஷயம் இரண்டு வழியாக வீட்டுக்குள் வந்தது. என் அண்ணி அப்போது ஒரு தொடக்கப்பள்ளிக் கேண்டீனில் இந்திய உணவுக் கடை வைத்திருந்தார். நான், புக்கிட் மேரா பக்கம் வாடகை வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் ஒரு சிறிய தொண்டூழியக் குழுவில் இருந்தேன். அவருக்குக் கடை மூடிவிட்டது. எங்களுக்கு வாசிப்பு வகுப்பு நின்றுவிட்டது. இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டதெல்லாம் அதே பிள்ளைகளைப் பற்றித்தான்.

கேண்டீன் கடை எப்படி நடக்கிறது என்பதை வெளியே இருப்பவர்கள் அதிகம் அறியமாட்டார்கள். அண்ணி விடியற்காலை நாலரைக்கு எழுவார். ஆறு மணிக்குள் கடையில் அடுப்பு எரிய வேண்டும், ஏழரைக்கு முன்பே பசியோடு வரும் பிள்ளைகள் உண்டு. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் விதிகள் இருக்கின்றன. 2011 முதல் நடப்பிலிருக்கும் ஆரோக்கிய உணவுத் திட்டத்தின்படி எண்ணெயில் பொரித்ததைக் கொடுக்க முடியாது, தட்டில் காய்கறியும் பழமும் இருக்க வேண்டும், வெள்ளை அரிசியோடு சிவப்பரிசி கலக்க வேண்டும். விலையையும் பள்ளிதான் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வெள்ளிக்குள் ஒரு பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட முடிந்தது என்றால், அதற்குக் காரணம் கேண்டீன் கடைக்கு வாடகை மிகக் குறைவு என்பதும், அண்ணி மாதிரி ஆட்கள் தங்கள் உழைப்புக்குக் கணக்குப் பார்க்காமல் நின்றதும்தான்.

இந்த விலை விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் இடித்தது.

பள்ளி மூடியபோது அமைச்சு செய்தது எளிமையானது. பள்ளி உணவுத் திட்டத்தில் இருந்த பிள்ளைகளின் மாணவர் அட்டைகளில் உணவுக்கான பணத்தைப் போட்டது. ஈஸி-லிங்க் அட்டையை ஏற்கும் உணவங்காடி நிலையம், காப்பிக்கடை, பேரங்காடி, சின்ன மளிகைக் கடை எதிலும் அதைக் கொண்டு சாப்பாடோ மளிகைப் பொருளோ வாங்கிக்கொள்ளலாம். புதுப் படிவம் இல்லை. யார் வீட்டு வாசலிலும் உதவிப் பொருள் என்று அச்சடித்த பெட்டி வந்து இறங்கவில்லை. பிள்ளையின் பையில் ஏற்கனவே கிடந்த அட்டை, அவ்வளவுதான். நான் இந்த ஏற்பாட்டை மனதாரப் பாராட்டுகிறேன். நெருக்கடி நேரத்தில் ஓர் ஏழைத் தாயிடம் மறுபடியும் சம்பளச் சீட்டைக் காட்டு, வங்கிக் கணக்கைக் காட்டு என்று கேட்காமல் இருந்ததே பெரிய மரியாதை.

ஆனால் அட்டை பிள்ளைக்கு உரியது. பசி வீட்டுக்கு உரியது.

ஏப்ரல் கடைசியில் எங்கள் வட்டாரப் பேரங்காடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். தரையில் ஒட்டியிருந்த நாடாவுக்குப் பின்னால் ஒவ்வொருவராக நின்ற காலம். எனக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெண், எங்கள் வாசிப்பு வகுப்புக்கு வரும் இரு பிள்ளைகளின் தாய். முகக்கவசத்துக்கு மேலே கண்ணை வைத்தே அடையாளம் தெரிந்தது. கூடையிலிருந்ததைக் கல்லாவுக்கு முன்னால் மூன்று குவியலாகப் பிரித்து வைத்தார். முதல் குவியலில் ஐந்து கிலோ அரிசியும் உப்பும். இரண்டாவதில் முட்டைத் தட்டு ஒன்று, பருப்பு, சமையல் எண்ணெய். மூன்றாவதில் ரொட்டி, மைலோ பாக்கெட், வெங்காயம், ஒரு கட்டுக் கீரை. பணப்பையிலிருந்து மூன்று மாணவர் அட்டைகளை எடுத்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஒவ்வோர் அட்டையாகத் தட்டினார். மூன்றாவது அட்டையில் பணம் போதவில்லை. வெங்காயத்தை எடுத்து ஓரமாக வைத்தார். கல்லாவில் இருந்த சீன மூதாட்டி ஒன்றும் சொல்லாமல் ரசீதை ரத்து செய்து மறுபடி அடித்தார். பின்னால் நின்றவர்களும் முணுமுணுக்கவில்லை. அந்த அம்மா வெளியே போகும்போது என்னைப் பார்த்து, "பெரியவன் அட்டைலதான் அரிசி வாங்குவேன் அக்கா, அவனுக்குத்தான் கூட வருது" என்று ஏதோ கணக்கு ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு நடந்தார்.

பெரியவன் உயர்நிலைப்பள்ளி, 10 வேளைக்காரன். சின்னவர்கள் இருவரும் தொடக்கப்பள்ளி. கணக்கு சரிதான்.

அந்த அரிசி மூன்று பிள்ளைகளுக்கு மட்டுமா வெந்தது? வீட்டில் கைக்குழந்தை ஒன்று, மாமியார் ஒருவர், வேலை நின்றுபோன கணவர். கேண்டீனில் சாப்பிடும்போது பிள்ளையின் வேளை பிள்ளைக்கே போகும். பெற்றோர் பட்டினி கிடந்தாலும் பத்து மணிக்கு அவன் வயிறு நிறைந்துவிடும். பள்ளி உணவின் பெரிய பலமே அதுதான், வீட்டு வறுமைக்கும் பிள்ளையின் தட்டுக்கும் நடுவில் அது ஒரு சுவரை வைத்திருந்தது. பள்ளி மூடியதும் அந்தச் சுவர் போய்விட்டது. அட்டையில் வந்த பணம் குடும்பச் சட்டிக்குள் போனது. போகத்தான் வேண்டும், எந்தத் தாய் மூன்று பேருக்கு மட்டும் உலை வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வாள்?

விலை இடித்தது என்று சொன்னேன் அல்லவா. கேண்டீனில் ஒன்றரை வெள்ளிக்கு வாங்கிய சோற்றுக்குச் சமமான ஒன்றைக் காப்பிக்கடையில் வாங்க மூன்று வெள்ளிக்கு மேல் ஆகும். அதோடு பொட்டலம் கட்டும் பெட்டிக்கு இருபது காசு, முப்பது காசு. ஏப்ரல் 7க்குப் பிறகு எங்கும் உட்கார்ந்து சாப்பிட முடியாது, மேசைகளை நாடா சுற்றி அடைத்துவிட்டார்கள், எல்லாமே பொட்டலம்தான். வேளைக்கு இவ்வளவு என்று கேண்டீன் விலையை வைத்துக் கணக்கிட்ட பணம் வெளியே வந்ததும் இளைத்துப்போனது. போதாக்குறைக்கு அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே இருக்கும் கடைகளில் பல ரொக்கம் மட்டும் வாங்கியவை. அதனால்தான் விவரம் தெரிந்த தாய்மார் சமைத்த உணவு வாங்குவதை விட்டுவிட்டுப் பேரங்காடிக்குப் போனார்கள். சமைக்க நேரமும் அடுப்பும் இருந்த வீடுகள் தப்பித்தன. துப்புரவு வேலைக்கும் பராமரிப்பு வேலைக்கும் அம்மா தினமும் போய்க்கொண்டிருந்த வீடுகளில் பிள்ளைகள் மேகி மீயில் வாழ்ந்தார்கள். அத்தியாவசிய வேலை பார்க்கும் பெற்றோரின் சின்னப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் ஓரளவு திறந்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். வேறு வழியே இல்லாதவர்கள் அங்கே போய் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். ஆனால் அது எல்லாருக்குமான ஏற்பாடு இல்லை.

அண்ணி வீட்டில் சும்மா இருந்தார். சும்மா இருப்பது அவருக்குத் தெரியாத வேலை. சுயதொழில் செய்பவர்களுக்கான வருமான நிவாரணத் திட்டத்தில் மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்குக் கிடைத்தது. அந்தப் பணம் வீட்டைத் தாங்கியது, அதற்கு அவர் இன்றும் நன்றியோடு இருக்கிறார். அவரை அரித்தது வேறு ஒன்று. ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: "அந்த மூணாங் கிளாஸ் பையன் என்ன சாப்பிடுறானோம்மா. தெனமும் குழம்பு கொஞ்சம் கூட ஊத்துங்க ஆண்டின்னு கேப்பான். கேக்குறப்பவே தெரியும், முந்தின நாள் ராத்திரி வீட்ல ஒண்ணும் இல்லைன்னு."

கேண்டீன்காரர்களுக்குத் தெரிவது இதுதான். எந்தப் பிள்ளை திங்கட்கிழமை மட்டும் இரண்டு தட்டு கேட்கிறான். எந்தப் பிள்ளை தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கூட்டத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எந்த அண்ணன் பாதி பராட்டாவைத் தாளில் சுற்றித் தம்பிக்கு எடுத்து வைக்கிறான். அமைச்சின் பட்டியலில் தகுதி பெற்ற பிள்ளைகளின் பெயர் இருக்கும். தகுதிக்கு ஐம்பது வெள்ளி மேலே போய்விட்ட வீட்டுப் பிள்ளை அதில் இருக்காது. மார்ச் கடைசியில் அப்பாவுக்கு வேலை போன பிள்ளை ஏப்ரலில் அதில் இருக்காது. குடியுரிமை இல்லாத பிள்ளையும் இருக்காது, ஏனென்றால் அந்தத் திட்டம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கானது. நம் தமிழ்க் குடும்பங்களில் அம்மா குடியுரிமைக்காரர், அப்பா வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர், பிள்ளைகளில் ஒன்று நிரந்தரவாசி என்று கலந்து கிடக்கும் வீடுகள் எத்தனையோ. அண்ணிக்கும் பக்கத்துக் கடை மலாய் மக்சிக்குக்கும் (வயதில் மூத்த பெண்ணை மலாயில் அப்படித்தான் அழைப்பார்கள்) இந்தப் பிள்ளைகள் எல்லாரையும் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படிக் கேட்பதற்கு ஒரு வழியே அமைப்பில் இல்லை.

கடைசியில் யாரும் கேட்காமலே அவர்கள் சொன்னார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து, முகமும் வகுப்பும் நினைவில் வைத்து, ஒரு வகுப்பாசிரியைக்குத் தொலைபேசி செய்தார்கள். அந்த ஆசிரியை வீடு வீடாகப் பேசினார். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளியின் சொந்த நிதியிலிருந்து உதவி போனது. மற்றவர்களைக் குடும்பச் சேவை நிலையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். குழம்பு கேட்ட பையனின் வீட்டுக்கு அந்த ஆசிரியையே மடிக்கணினி கொடுக்கப் போனபோது ஒரு பை மளிகையும் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தார். அவர் சொந்தக் காசு. இதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அண்ணிக்கு ஒரு யோசனை இருந்தது. கேண்டீன் சமையலறைகள் பூட்டிக் கிடக்கின்றன, பாத்திரம் இருக்கிறது, சமைக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், பிள்ளைகள் பள்ளியைச் சுற்றித்தான் குடியிருக்கிறார்கள். காலையில் சமைத்துப் பொட்டலம் கட்டி வாசலில் வைத்தால், நடந்து வந்து வாங்கிப் போகலாமே? நடக்கவில்லை. கூட்டம் கூடக் கூடாது என்பதுதான் அந்த நேரத்தின் முதல் விதி, பள்ளி வாசலில் இருநூறு பெற்றோர் நிற்பதை யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கலாம் என்றால், வீட்டுச் சமையல் வியாபாரங்களையும் ஏப்ரல் கடைசியில் நிறுத்திவிட்டு மே 12க்குத்தான் மறுபடி அனுமதித்தார்கள்.

அதே மாதங்களில் மற்ற நாடுகளில் என்ன நடந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். உலக உணவுத் திட்டத்தின் கணக்கின்படி, பள்ளிகள் மூடியதால் உணவை இழந்த பிள்ளைகள் சுமார் 37 கோடி. ஒவ்வொரு நாடும் தன்னிடம் என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் சமாளித்தது.

அமெரிக்காவில் பள்ளிச் சமையலறைகள் இருந்தன. அங்கே தினமும் சுமார் 3 கோடிப் பிள்ளைகள் பள்ளியில் மதிய உணவு உண்கிறார்கள். ஆனால் சட்டப்படி பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்துதான் அந்த உணவை உண்ண வேண்டும். தொற்றுக் காலத்தில் அதுதானே கூடாது? 2020 மார்ச்சில் வந்த சட்டத்தையொட்டி அந்த விதியைத் தளர்த்தினார்கள். பிள்ளை நேரில் வராமல் பெற்றோர் வந்து வாங்கலாம், ஒரே தடவையில் பல நாள் உணவைக் கொடுக்கலாம் என்று அடுத்தடுத்துத் தளர்வுகள். பிள்ளைகளை ஏற்றிய மஞ்சள் பேருந்துகள் அதே தடத்தில் உணவுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயின, சில ஊர்களில் அதே ஓட்டுநர், அதே நிறுத்தம். கூடவே பள்ளி உணவின் மதிப்பைக் குடும்பத்துக்கு அட்டையில் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. இங்கிலாந்தில் பள்ளியில் இலவச உணவு பெற்றுவந்த பிள்ளைகளுக்கு வாரம் 15 பவுண்டு வவுச்சர் கொடுத்தார்கள். கோடை விடுமுறைக்கு அது கிடையாது என்றார்கள். காற்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபர்ட், தானே அப்படி உண்டு வளர்ந்த பிள்ளை, வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். ஜூன் 16 அன்று அரசு இறங்கி வந்து, சுமார் 13 லட்சம் பிள்ளைகளுக்குக் கோடையிலும் தர ஒப்புக்கொண்டது. 2021 ஜனவரியில் வவுச்சருக்குப் பதிலாக உணவுப் பொட்டலம் வந்தபோது, அதில் இருந்த அற்பமான பொருள்களை ஒரு தாய் தரையில் பரப்பி எடுத்த படம் நாடு முழுக்கச் சுற்றியது. பணமாகக் கொடுத்திருந்தால் அந்தத் தாய் இதைவிட நன்றாக வாங்கியிருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு 1982 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கும் முன்னால் காமராஜர் காலத்து மதிய உணவு. அங்கே சமையலறையும் இருந்தது, அரிசிக் கிடங்கும் இருந்தது. சமைத்துப் போட முடியாதபோது அரிசியையும் பருப்பையும் அளந்து கொடுத்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் வகுப்புக்கு 150 கிராம் என்பது நாடு முழுவதற்குமான அளவு. பெற்றோர் பள்ளிக்குப் பையோடு போய் வாங்கி வந்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் சித்தி மகள் ஒருத்தி சத்துணவு அமைப்பாளர். அவள் அனுப்பிய படத்தில் வகுப்பறை வராண்டாவில் தராசு இருந்தது. இடைவெளி விட்டுச் சுண்ணாம்பில் போட்ட வட்டங்களில் தாய்மார் நின்றுகொண்டிருந்தார்கள். கேரளத்தில் அங்கன்வாடிப் பணியாளர்கள் பொருள்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து, பிள்ளைகளின் மதிய உணவு நிற்காமலிருக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்று மாநிலங்களைக் கேட்டபோது இந்த ஏற்பாட்டைக் குறிப்பிட்டது.

இதையெல்லாம் படித்தபின் எனக்குத் தெளிவானது ஒன்று. சமையலறை இருந்த இடத்தில் உணவு நகர்ந்தது. கிடங்கு இருந்த இடத்தில் அரிசி நகர்ந்தது. சிங்கப்பூரில் பள்ளி உணவு என்பது தனித்தனிச் சிறுகடைகளின் கூட்டம், நகர்த்துவதற்கு மையமாக ஒரு சமையலறை இல்லை. இருந்தது அட்டை. அதனால் பணம் நகர்ந்தது. அந்தப் பணம் வேகமாகவும் மானத்தோடும் நகர்ந்தது. ஆனால் பணத்தால் கண் வைத்துப் பார்க்க முடியாது. எந்தப் பிள்ளையின் தட்டு காலியாக இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர்களை நாம் வீட்டில் உட்கார வைத்திருந்தோம்.

இந்த ஊரில் பிள்ளைகளுக்கென்று பொதுச் சமையல் நடந்ததே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானியர் ஆட்சி முடிந்தபின் அரிசித் தட்டுப்பாட்டில் தீவே வாடிக் கிடந்தபோது, 1946இல் தொடங்கிய சமூகநலத் துறை மக்கள் உணவகங்களைத் திறந்தது. அங்கே ஒரு சாப்பாடு 35 காசு. 1947இல் குழந்தைகளுக்கான இலவச உணவு நிலையங்கள் வந்தன. தொண்டூழியர்களாக வந்த பெண்கள் பரிமாறினார்கள். அவர்களில் ஒருவரான கான்ஸ்டன்ஸ் கோ, அங்கே வந்த தாய்மாரின் நிலையைப் பார்த்துப் பின்னர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் முக்கியமானவர் ஆனார். பரிமாறும் இடத்தில் நின்றதால்தான் அவருக்கு அது கண்ணில் பட்டது.

2020இல் அந்த இடத்தை ஓரளவு நிரப்பியவர்கள் தொண்டு நிறுவனங்கள். ஜாலான் ஊபியிலிருந்து இயங்கிய வில்லிங் ஹார்ட்ஸ் தினமும் ஆயிரக்கணக்கான பொட்டலங்கள் சமைத்தது, தொண்டூழியர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிய நேரத்தில் தேவை ஏறியது. ஃபுட் ஃபிரம் தி ஹார்ட் அமைப்புக்குப் பள்ளிகள் வழியாகவே உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் மளிகைப் பை கொடுக்கும் திட்டம் முன்பிருந்தே உண்டு, பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பாலம் ஏற்கனவே போடப்பட்டிருந்தது. உணவங்காடிக் கடைக்காரருக்கு முன்பணம் கட்டி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சாப்பாடு போகச் செய்தவர்களும் இருந்தார்கள். அதில் கடைக்காரரும் பிழைத்தார், வீடும் பிழைத்தது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான். கேண்டீன்காரர்களையும் அப்படிச் சேர்த்துக்கொண்டிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

வந்த பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே மாதம், விடுமுறை. பாட்டி வீட்டுக்குப் போக முடியாது, விளையாட்டுத் திடலுக்குப் போக முடியாது, ஓரறை வீட்டில் ஆறு பேர். நல்ல மனசோடு வந்த பைகளில் தகர டின் சார்டின் மீன், பிஸ்கட், பீஹூன் சேமியா, சோயா சாஸ். சைவம் மட்டும் சாப்பிடும் ஒரு வீட்டில் சார்டின் டின்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, அதை மாடிப்படிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலாய்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு அவர்களிடமிருந்து பருப்பு வாங்கிக்கொண்டார்கள். நோன்பு மாதம் வேறு. மாலை ஏழு மணிக்கு மேல் அந்தப் புளோக்கில் யார் வீட்டுக் கஞ்சி யார் வீட்டுக்குப் போகிறது என்று சொல்ல முடியாது. ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் போகக் கூடாது என்பதால் பாத்திரத்தை வாசல் இரும்புக் கதவுக்கு முன்னால் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். குடும்பத்தோடு சேர்த்துப் பிள்ளைக்குச் சோறு போட்டது அந்த மாதத்தில் அட்டையும் பையும் மட்டுமல்ல, இந்தப் பாத்திரங்களும்தான்.

ஜூன் 2 பள்ளி திறந்தது. தொடக்கநிலை 6 பிள்ளைகளும் உயர்நிலையின் கடைசி ஆண்டு மாணவர்களும் தினமும் வந்தார்கள், மற்றவர்கள் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். ஜூன் 29க்குப் பிறகுதான் எல்லாரும் தினமும் வந்தார்கள். கேண்டீன் மேசைகளில் எங்கே உட்காரலாம், எங்கே கூடாது என்று குறியிட்டிருந்தார்கள், இடைவேளையைப் பகுதி பகுதியாகப் பிரித்திருந்தார்கள். பாதிப் பிள்ளைகள் வந்தால் கடைக்குப் பாதி வியாபாரம். ஆனாலும் அண்ணி முதல் நாளே போனார். குழம்பு கேட்ட பையன் அந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரம் வந்தான். அண்ணி எனக்குத் தொலைபேசி செய்து சொன்ன ஒரே செய்தி அதுதான். 2021 மே 19 முதல் 28 வரை மறுபடி எல்லாரும் வீட்டிலிருந்து கற்றபோது, இந்தத் தடவை அவர் கடை மூடுவதற்கு முந்தைய நாளே ஆசிரியைக்குப் பெயர்களைக் கொடுத்துவிட்டார்.

அண்ணி இப்போது கடையை விட்டுவிட்டார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவர் இடத்துக்கு வர ஆள் கிடைக்கவில்லை, பல பள்ளிகளில் இதே கதை. குறைந்த வருமானத்துக்கு அதிகாலையில் எழ இளையவர்கள் தயாரில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சில பள்ளிகள் இப்போது மையச் சமையலறையிலிருந்து உணவு வரவழைக்கும் முறைக்கு மாறி வருகின்றன. பெற்றோர் பலருக்கு இதில் மனக்குறை இருக்கிறது, ருசி போய்விடும் என்கிறார்கள். எனக்கு வேறு இரண்டு நினைப்புகள் வருகின்றன. ஒன்று நல்லது: அடுத்த முறை பள்ளிகள் மூட நேர்ந்தால், பிள்ளைகளின் வீட்டுக்கு உணவை நகர்த்த இப்போது ஒரு சமையலறை இருக்கும். அந்த ஒப்பந்தத்திலேயே, பள்ளி மூடியிருக்கும் நாள்களில் உதவித் திட்டப் பிள்ளைகளின் புளோக்குக்கு உணவு போக வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அவசர நேரத்தில் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். வீட்டில் எத்தனை பேர் என்பதையும் அதில் சேர்த்தே கணக்கிடட்டும். இன்னொன்று கவலை: பெட்டி வந்து, பிள்ளை எடுத்துக்கொண்டு, மூடியைக் குப்பையில் போட்டுவிட்டுப் போகும் கேண்டீனில், குழம்பு கூட ஊற்றச் சொல்லிப் பிள்ளை யாரிடம் கேட்கும்? அங்கே தட்டுகளைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் சம்பளத்துக்கு நிற்க வேண்டும், அவர் ஆசிரியரிடம் நேராகப் பேச முடிய வேண்டும். மக்சிக்கைப் போன்ற ஒருவரை அந்த வேலைக்கு வைத்தால் நாளைக்கே நடக்கும்.

கடைசியாக, நம்மவர்களுக்காக ஒரு விவரம். மூன்று அட்டைக்கார அம்மாவிடம் பின்னாளில் பேசியபோது தெரிந்தது, அவர் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் அந்தக் காலம் முழுக்க எந்த உதவியும் வாங்கவில்லை. தகுதி இருந்தது. விண்ணப்பிக்கும் காலம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. அமைச்சின் நிதியுதவிக்கு ஆண்டின் எந்த மாதத்திலும் பிள்ளையின் பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வேலை போன மாதமே போகலாம். வருமான வரம்பும் 2020ஐவிட இப்போது உயர்ந்திருக்கிறது, ஆகவே அப்போது தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி கேளுங்கள். குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியின் சொந்த நிதியிலிருந்து உதவ வழியிருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள்.